தீவகப் படகின் இயந்திரம்: தருமமா, உரிமையா?

கடல் நடுவே படகின் இயந்திரம் நின்றுபோகுமாயின் அதிலிருப்போருக்கு அரசியல் யாப்பும் நினைவுக்கு வராது. வரவு செலவுத் திட்டமும் நினைவுக்கு வராது. காற்று எத்திசையிலிருந்து அடிக்கின்றது, கரை எவ்வளவு தூரம் என்னும் இரண்டுமே அவர்தம் சிந்தையை நிறைத்து நிற்கும். ஆனால் அவ்வியந்திரம் ஏன் நின்றது, அதற்குப் பதிலாகப் புதியதொன்று உரிய காலத்தில் ஏன் பூட்டப்படவில்லை என்று கரையிலிருந்து விசாரிக்கப் புகுவோமாயின், அவ்விசாரணை நம்மை நேரே யாப்புக்கும் வரவு செலவுத் திட்டத்துக்குமே கொண்டுசெல்லும். ஆகவேதான் படகொன்றின் டீசல் இயந்திரத்தை மாற்றுவது என்னும் சின்னஞ்சிறு விடயத்தை அரசியல் ஏடொன்றிலே எழுத முற்படுகின்றோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்கும், அங்கிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கும் செல்லும் வீதி, குறிகட்டுவான் துறையிலே முடிவடைகின்றது. வீதி முடிகின்றதேயன்றி மக்கள் வாழும் நிலம் முடியவில்லை. அப்பால் நயினாதீவும் நெடுந்தீவும் இருக்கின்றன. அனலைதீவாரும் எழுவைதீவாரும் ஊர்காவற்றுறைக்குப் படகிலேயே வருதல் வேண்டும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையை நம்மவர் ‘பாதை’ என்றே அழைத்து வருகின்றனர். இப்பெயரிலே ஓர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. தீவகத்தானுக்குப் படகு வீதியின் மற்றொரு துண்டு. கடலின் மேல் போடப்பட்ட துண்டு.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. குறிகட்டுவானிலிருந்து அங்கு செல்ல ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். ஆசிரியரும் அலுவலரும், மாணவரும் வியாபாரியும், அரிசியும் சீமெந்தும், ஆடும் மாடும் அக்கடலாலேயே போய்வருதல் வேண்டும். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டிய கடும் நோயாளியும் அக்கடலைத் தாண்டியே ஆகவேண்டும். சோளகம் அடிக்கும் மாதங்களிலும், வாடை கொந்தளிக்கும் மாதங்களிலும் அந்த ஒரு மணி நேரம் எத்தன்மையது என்பதை அதிற் போய்வருவோரே அறிவர்.

குமுதினி கூறும் பாடம்

நெடுந்தீவுக் கடலைப்பற்றி எழுதுவோன் குமுதினியைக் குறிப்பிடாது செல்ல இயலாது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அப்படகிற் சென்ற ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நடுக்கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். அப்பழிக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை. அதன்பின் நடந்ததைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதே குமுதினி மீண்டும் அதே கடலில் ஓடியது. தம் உறவினர் மாண்ட பலகைகளின்மேல் அம்மக்கள் மீண்டும் அமர்ந்து சென்றனர். அவர்களுக்கு வேறு படகு இருக்கவில்லை. வேறு பாதையும் இருக்கவில்லை.

பின்னாளிலே வடதாரகை வந்தது. மாகாணசபை இயங்கிய காலத்தில், 2017இல், நெடுந்தாரகையும் வந்தது. தனியார் படகுகளும் ஓடுகின்றன. படகுகளின் பெயர்ப்பட்டியல் நீண்டிருக்கின்றது என்பதை மறுப்பாரில்லை. எனினும் ‘படகு பழுது, சேவை தடை’ என்னும் செய்தி தீவக மக்களுக்குப் புதுமையானதன்று. படகைத் தருவது வேறு, படகை ஓடும் நிலையில் வைத்திருப்பது வேறு என்பதை ஆட்சியாளர் உணராதவரையில் எத்தனை தாரகைகள் உதித்தாலும் துறையில் இருள் நீங்காது.

இதன் சுற்றுவட்டம் யாவரும் அறிந்ததே. இயந்திரம் கரும்புகை கக்கத் தொடங்கும். எண்ணெய் ஊற்றி ஊற்றி ஓட்டுவர். ஒரு நாள் அது நின்றுவிடும். பழைய லொறியிலிருந்து கழற்றிய பாகமொன்றைப் பூட்டிச் சில மாதம் தள்ளுவர். மறுபடியும் நிற்கும். மகஜர் எழுதப்படும், தூதுக்குழு கச்சேரிக்குச் செல்லும், மந்திரியின் வருகைக்காகக் காத்திருப்பர். முடிவிலே எங்கிருந்தோ இயந்திரம் வந்து சேரும், மாலையும் மேளமும் படப்பிடிப்பும் நடைபெறும், நன்றியுரை நிகழும். பொதுமக்களின் வரிப்பணத்தால் வாங்கிய இரும்புக்கு மக்களே கைகூப்பி நன்றி கூறுவர். வீதியிலே தார் பெயர்ந்தால் அதனை மீளப் போடுவது கடமையாகக் கொள்ளப்படும்போது, கடல்வீதியின் இயந்திரம் தேய்ந்தால் அதனை மாற்றுவது மட்டும் கொடையாவது எங்ஙனம்?

எருது மாற்றுவதல்ல, இயந்திரம் மாற்றுவது

இயந்திரத்தை மாற்றுவதும் ஒரு முறைமைக்கு உட்பட்ட தொழில். அம்முறைமையை மக்கள் அறிந்திருந்தாலன்றி, தமக்கு வழங்கப்படுவது தகுந்ததா தகாததா என்று கேட்கவும் அவர்களால் இயலாது. கிணற்றிலே நீரிறைக்கும் இயந்திரத்தை ஆண்டாண்டாகப் பேணிவரும் நம் கமக்காரருக்கு இதனை விளக்குவது கடினமன்று.

லொறியின் இயந்திரம் ஏற்றத்தில் முழுவலுவுடன் உழைக்கும், இறக்கத்தில் இளைப்பாறும். படகின் இயந்திரமோ நீரிறைக்கும் இயந்திரத்தைப் போன்றது. கரையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து மறுகரை சேரும்வரை ஓய்வின்றி ஒரே பாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே இயந்திரத்திற் பொறித்திருக்கும் குதிரைவலு எத்தனை என்று மட்டும் பார்த்தல் போதாது. அவ்வலுவை இடைவிடாது தரவல்லதா என்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும். தரைக்கென ஆக்கப்பட்ட இயந்திரத்தை மலிவு கருதிப் படகிற் பூட்டினால், அது சாதிக்கும் நாட்கள் குறைவு. படுத்தும் பாடு பெரிது.

அடுத்தது உப்பு நீர். கடல்நீரை நேரே இயந்திரத்தின் உடலுக்குள் ஓடவிட்டால் அது இரும்பைத் தின்றுவிடும். நல்ல கடல் இயந்திரத்திலே நன்னீரே உள்ளே சுற்றி வரும்; கடல்நீர் தனிக் குழாய்களின் வழியே சென்று அந்நன்னீரின் வெப்பத்தை மட்டும் வாங்கிச் செல்லும். தீவகக் கடலோ ஆழங்குறைந்தது. சேறும் கடற்சாதாழையும் மிகுந்தது. நீர் உள்வாங்கும் வாயிலுள்ள வடிகட்டி அடைபடுமாயின் சில நிமிடங்களிலே இயந்திரம் கொதித்து நின்றுவிடும். புதிய இயந்திரத்துடன் தகுந்த வடிகட்டியும், அதனை நாள்தோறும் துப்புரவு செய்யும் ஆளும் இல்லையேல் புதுமை ஓராண்டும் நிலையாது.

மூன்றாவது, இயந்திரத்துக்கும் நீரைத் தள்ளும் விசிறிக்கும் உள்ள பொருத்தம். பழைய விசிறியையும் பழைய கியர்ப் பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு புதிய இயந்திரத்தை மட்டும் மாற்றினால், விசிறி அதற்குப் பெரும் பாரமாகிவிடக்கூடும். அப்பொழுது இயந்திரம் தனக்குரிய சுழற்சியை எட்டமாட்டாது; புகை கக்கும்; வெப்பமேறும்; எரிபொருளைக் குடிக்கும். இளங்கன்றை முதிர்ந்த எருதுடன் ஒரே நுகத்திற் பூட்டிய கதையாகும். அச்சுத்தண்டு இம்மியளவு கோணலாக அமைந்தாலும் படகு முழுவதும் நடுங்கும், தாங்கிகள் தேயும், நீர் உட்புகும்.

பெரிய இயந்திரம் பூட்டினால் விரைவாகப் போகலாம் என்னும் எண்ணமும் மக்களிடையே உண்டு. அரசியல்வாதிகளிடையே இன்னும் அதிகமாக உண்டு. நீரைக் கிழித்துச் செல்லும் பாரமான படகின் வேகத்தை இரு மடங்காக்க ஏறக்குறைய எட்டு மடங்கு வலு வேண்டும் என்பது கப்பற் சாத்திரம். வலுவை இரட்டித்தாலும் வேகம் காற்பங்களவே கூடும். மிகுதியெல்லாம் அலையாக எழும்பும். எரிபொருட் கணக்கிலே ஏறும். ஆகவே படகின் உடலுக்கேற்ற இயந்திரமே நல்ல இயந்திரம்.

இரட்டை இயந்திரமுள்ள படகுகளில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதைப் பழையதாக விடுவது மற்றொரு சிக்கனம். இரண்டும் ஒத்து உழைக்கமாட்டா. படகு ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு இயந்திரம் வைத்திருப்பதன் நோக்கமே ஒன்று நின்றால் மற்றது கரைசேர்க்கும் என்பதுதான். ஆனால் இரண்டும் ஒரே தாங்கியிலிருந்து, ஒரே அழுக்கு எண்ணெயை, ஒரே வடிகட்டியின் வழியே உறிஞ்சுமாயின் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும். பெயரளவில் இரண்டு, ஆபத்திலே ஒன்றுமில்லை.

இவையெல்லாவற்றினும் மறைவான ஆபத்து ஒன்று உண்டு. பழைய இயந்திரங்கள் பெரும்பாலும் பாரமானவை. படகின் அடியிற் கிடக்கும் அப்பாரமே அதனை நிமிர்ந்து நிற்கச் செய்யும் பலமுமாகும். இலேசான புதிய இயந்திரத்தை வைத்து, மேற்றட்டில் ஆட்களையும் மூட்டைகளையும் வழமைபோல் ஏற்றினால், முன்பு தாங்கிய அலையை அப்படகு தாங்காது போகலாம். ஆகையால் இயந்திரம் மாற்றிய ஒவ்வொரு பயணிகள் படகையும் சாய்வுச் சோதனைக்கு உட்படுத்தி, எத்தனை பேரை எங்கே ஏற்றலாம் என்று மீளக் கணித்து, முழுப் பாரத்துடன் கடலில் ஓட்டிப் பார்த்த பின்னரே சேவைக்கு விடுதல் வேண்டும். மாலை போடுவதற்கு முன் செய்யவேண்டிய சடங்கு இதுவே.

பொறுப்பாளி யார்?

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் யாப்புத் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாணசபைகளின் பட்டியல் இருக்கின்றது. மாகாணத்துக்குட்பட்ட வீதிகள், பாலங்கள் என்பவற்றுடன் அவற்றின் தொடர்ச்சியான படகுத்துறைச் சேவைகளும் அதிலே சேர்க்கப்பட்டுள்ளன. தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றின் பாலங்களும் படகுச் சேவைகளும் மட்டுமே அதிலிருந்து விலக்கப்பட்டன. மறுபுறத்தில் துறைமுகமும் கப்பற் போக்குவரத்தும் மத்திய அரசாங்கத்தின் பட்டியலில் வைக்கப்பட்டன. படகு வீதியின் பகுதி என்று யாப்பே ஒப்புக்கொள்கின்றது. ஆயினும் அப்படகு எவருடைய வீதியின் பகுதி என்று கேட்டால் ஒவ்வொரு கந்தோரும் மற்றக் கந்தோரின் வாசலைக் காட்டக்கூடியதாக அதிகாரம் துண்டாடப்பட்டிருக்கின்றது.

இத்துண்டாடலின் வரலாறு பழையது. 1957 ஜூலை 26இற் கைச்சாத்தான பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கை, பிரதேச சபைகளுக்கு விவசாயம், கடற்றொழில், மின்சாரம், வீதி முதலிய துறைகளில் அதிகாரம் வழங்க இணங்கியது. 1958 ஏப்பிரலில் அது கிழித்தெறியப்பட்டது. அது நிலைத்திருக்குமாயின், தீவகப் படகுக்கு இயந்திரம் வேண்டுமென்று கொழும்புக்கு மகஜர் எழுதும் நிலை நமக்கு ஏற்பட்டிராது. 2013இல் முதன்முறையாகத் தெரிவான வடமாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடத்தப்படவில்லை. தெரிவான சபை இல்லாதவிடத்து, கேள்வி கேட்பதற்கு மன்றமும் இல்லை; பதில் சொல்வதற்கு மந்திரியும் இல்லை.

பொறுப்பு எவருடையதென்று தெளிவில்லாத நீரிலே உயிர்கள் மாய்வதை நாம் கண்டுவிட்டோம். 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்திலே மாற்றுவழியாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். கைதுகளும் விசாரணைகளும் பின்னர் வந்தன. முன்னர் வரவேண்டியிருந்தது பரிசோதனை.

ஆட்சேபங்களுக்கு விடை

சில ஆயிரம் மக்களுக்காக இத்தனை செலவா என்பர் சிலர். வரி அறவிடும்போது ஆட்தொகை பார்ப்பதில்லை. அன்றியும், மக்கள் குறைவதற்குப் படகே காரணமாகிவிடும். போக்குவரத்து நிச்சயமற்ற தீவிலே ஆசிரியர் தங்கார், வைத்தியர் தங்கார், பிள்ளைகளைப் படிப்பிக்க விரும்பும் பெற்றோரும் தங்கார். பின்னர் ‘ஆட்களில்லை’ என்று கூறிச் சேவையைக் குறைப்பது எளிது. வெறுமையான தமிழ் நிலத்துக்கு என்ன நேரும் என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

தனியார் ஓடட்டும் என்பர் வேறு சிலர். அவர்கள் ஓடுவதை வரவேற்கின்றோம். அவர்களுள் பலர் அரும்பாடுபட்டு மக்களுக்கு உதவுகின்றனர். ஆனால் இலாபம் தராத நேரத்திலும், ஆளில்லாத நாளிலும், நள்ளிரவில் நோயாளிக்காகவும் படகு புறப்பட வேண்டுமென்று தனியாரைக் கட்டாயப்படுத்த இயலாது. அக்கட்டாயத்தை ஏற்பதற்காகவே அரசு என ஒன்று இருக்கின்றது.

டீசலுக்கு விடைகொடுத்து மின்படகு கொண்டுவரலாமே என்று கேட்கும் இளைஞருமுண்டு. அக்கேள்வி மதிப்புக்குரியது. 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவானதை மறந்தவர் யார்? கேரளத்திலே வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையில் 2017 தொடக்கம் 75 பேர் செல்லத்தக்க சூரியவலுப் படகு ஓடுகின்றது. கொச்சியிலே 2023இல் மின்கலப் படகுச் சேவை தொடங்கப்பட்டது. ஆயினும் அவை அமைதியான உள்நீரிற் குறுந்தூரம் செல்வன. காரைநகர்ப் ‘பாதை’க்கும் நயினாதீவுக் குறுங்கடலுக்கும் அத்தகைய முயற்சியைச் செய்து பார்க்கலாம். நெடுந்தீவின் திறந்த கடலுக்கு, சோளகத்தை எதிர்த்து நாளுக்குப் பன்முறை போய்வருவதற்கு, இன்றைக்கு நம்பத்தக்கது நல்ல டீசல் இயந்திரமே. நாளைய மின்படகைக் காட்டி இன்றைய இயந்திரத்தை மறுப்பதற்கு எவருக்கும் இடமளித்தலாகாது.

இங்கு ஒரு வேடிக்கையையும் குறிப்பிடுதல் தகும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரியவலுவும் காற்றுவலுவும் கொண்டு மின்சாரம் வழங்கும் வேலை 2021 ஜனவரியிற் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு ஒப்பந்தமாயிற்று, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனமொன்றுடன் கைச்சாத்தாயிற்று. நம் தீவுகளின் மின்சாரத்துக்குப் பெரும் வல்லரசுகள் இரண்டு போட்டியிட்டன. அத்தீவுகளுக்குச் செல்லும் படகின் இயந்திரத்துக்குப் போட்டியிட எவருமில்லை. வல்லரசுகளின் கண்ணுக்குத் தீவு தெரிகின்றது. தீவில் வாழ்பவன் தெரியவில்லை.

செய்யவேண்டுவன

நம் கோரிக்கைகள் தெளிவாக இருத்தல் வேண்டும். முதலாவது, ஒவ்வொரு பொதுப் படகின் இயந்திரத்துக்கும் ஆயுட்காலம் குறித்து, அக்காலம் முடியுமுன் மாற்றுவதற்கான பணத்தை ஆண்டுதோறும் தனி நிதியாக ஒதுக்கி வைத்தல் வேண்டும். புகையிலைக் காசிலே ஒரு பங்கை இறைப்பு இயந்திரத்துக்கென எடுத்து வைக்கும் கமக்காரனுக்குள்ள முன்யோசனை அரசாங்கத்துக்கு இருத்தலாகாதா? இரண்டாவது, தீவகப் படகுகளுக்கு இயன்றவரை ஒரே வகை இயந்திரம் பூட்டி, முழு இயந்திரம் ஒன்றையும் உதிரிப்பாகங்களையும் கரையில் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். மூன்றாவது, பரிசோதனை அறிக்கையையும் ஏற்றத்தக்க ஆட்தொகையையும் துறையிலே தமிழில் எழுதி ஒட்டுதல் வேண்டும். தமிழ் ஆட்சிமொழி என்று யாப்பில் எழுதியிருப்பது, படகோட்டிக்கும் பொறிவல்லுநனுக்கும் கொடுக்கும் கைந்நூலிலும் தெரியவேண்டும். நான்காவது, பழுதுபார்ப்பைத் தெற்கிலிருந்து வரும் ஆட்களுக்காகக் காத்திராமல் இங்கேயே செய்தல் வேண்டும். 1967இல் நோர்வே மக்களின் உதவியுடன் தொடங்கிய சீநோர் முயற்சி காரைநகரிலே படகு கட்டும் தொழிலை வளர்த்தது. போர் அதனைக் குலைத்தது. அத்தொழிலறிவை நம் இளைஞரிடம் மீளவும் வளர்க்க இயலாதென்று கூறுவார் உளரோ?

இவற்றைக் கேட்டுவிட்டுக் கைகட்டிக் காத்திருக்குமாறு நாம் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. இயந்திரம் எப்போது வாங்கப்பட்டது, எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை பழுதுபட்டது, கடைசியாகப் பரிசோதித்தவர் யார், எரிபொருளுக்குச் செலவான தொகை எவ்வளவு என்று எந்தக் குடிமகனும் எழுத்திற் கேட்கலாம். பதினான்கு வேலைநாட்களுள் தீர்மானம் அறிவித்தல் அதிகாரியின் கடமை. ஓர் உயிரின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்துள் விடை பெறும் ஏற்பாடும் அச்சட்டத்திலே உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கமும், கடற்றொழிலாளர் சங்கமும், கமக்காரர் அமைப்பும், ஆசிரியரும் தனித்தனியே இக்கேள்விகளை அனுப்பட்டும். அவ்விடைகளை ஒன்றுசேர்த்து வழக்காகக் கட்டுவதற்கு நம் சட்டத்தரணிகள் முன்வரட்டும். கட்டணம் கேட்கும் வழக்கல்ல இது.

தீவகத்தார் கேட்பது சுகபோகக் கப்பலன்று. புறப்பட்ட படகு கரைசேரும் என்ற நிச்சயத்தையே அவர்கள் கேட்கின்றனர். அந்நிச்சயத்தைத் தரமுடியாத ஆட்சி அக்கடலின்மேல் அதிகாரம் செலுத்துவதற்கு என்ன நியாயம் காட்டப்போகின்றது? அடுத்தமுறை புதிய இயந்திரத்துடன் மந்திரியொருவர் துறைக்கு வருவாராயின், தீவக மக்கள் மாலையைக் கீழே வைத்துவிட்டுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கட்டும்.